ஜப்பானிய நாவலாசிரியரும் எங்கள் தலைமையுரையும்

இலண்டனில் குடியிருக்கும் அந்த ஜப்பானிய நாவலாசிரியரை அங்கேயே டூட்டிங் பகுதியில் நடக்கும் எங்கள் தமிழ் வாசகர் வட்டத்துக்கு அழைத்து வந்தவள் நான்தான். அதில் என் சுயநலமும் இருந்தது. நிலவுக்குக் குடிபெயர்ந்த ஒரு மீன்பிடிக் கிராமத்தைப் பற்றிய அவருடைய நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கி வைத்திருந்தேன். அச்சிட அவர் சம்மதம் வேண்டும். உங்கள் வாசகர்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார்.

வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். அவரிடம் முதலிலேயே கெஞ்சினேன்.

"அண்ணை, தலைமையுரை அஞ்சு நிமிசம் போதும். அவர் கதைக்கத்தானே வாறார்."

"எனக்குத் தெரியாதோ பிள்ளை? இரண்டு வார்த்தைதான்."

அந்த இரண்டு வார்த்தையை வருடக்கணக்காகக் கேட்டு நொந்தவள் நான்.

முதலில் பொன்னாடை. போர்த்தியதும் விருந்தினர் இடுப்புவரை குனிந்து வணங்கினார். ஆடை வழுக்கி விழுந்தது. தலைவர் எடுத்து மறுபடி போர்த்தினார். அவர் இன்னும் பணிவாகக் குனிந்தார். கடைசியில் யாரோ சேஃப்டி பின் கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

பிறகு தலைமையுரை. காப்புறுதி அலுவலக வேலை, மதிய இடைவேளையில் எழுதிய கதைகள், யாரும் சீந்தாத முதல் நூல்கள், பிறகு வந்த பரிசு என்று எழுத்தாளரின் வரலாற்றை அச்சடித்தே கொடுத்திருந்தேன். தலைவர் அந்தத் தாளைத் தொடவே இல்லை. கடலில் மூழ்கிய கண்டத்திலிருந்து கப்பலேறிய தமிழர்தான் ஜப்பானை உண்டாக்கினார்கள் என்று தொடங்கினார். சோறு தின்பது, செருப்பை வாசலில் கழற்றுவது, மாமியாருக்குப் பயப்படுவது என ஆதாரங்கள் வேறு. விருந்தினர் காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போச்சு, என் புத்தகம் போச்சு.

மண்டபக்காரர் சாவியோடு வந்து நின்றபோதுதான் உரை முடிந்தது. விருந்தினர் நன்றி சொல்வதற்கு மட்டும்தான் நேரம் மிஞ்சியது.

படியிறங்கும்போது அவர் என்னை நிறுத்தினார். முகமெல்லாம் பூரிப்பு.

"என்ன கற்பனை! இவர் எத்தனை நாவல் எழுதியிருக்கிறார்?"

"ஒன்றுமில்லை. அவர் அதையெல்லாம் உண்மை என்று நம்புகிறார்."

"எனக்கு அதுதான் வரமாட்டேன் என்கிறது" என்றார் ஏக்கத்தோடு. சம்மதமும் தந்தார். ஒரே நிபந்தனை, முன்னுரையைத் தலைவர் எழுத வேண்டும்.

சிரிப்பதா அழுவதா தெரியாமல் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் யோசித்தார்.

"எழுதித் தாறன் பிள்ளை. நாவல் எத்தினை பக்கம்?"

"இருநூறு, அண்ணை."

"முன்னுரைக்கு இடம் வேணுமே, அதைக் கொஞ்சம் குறைச்சுப் போட ஏலாதோ?"