பாதாளக் கரண்டிக்கு ஈடு

கல்யாணமான இரண்டாவது வருஷம் என் வீட்டுக்காரருக்குக் கடலுக்கு அடியில் போகும் ஆசை வந்தது. காரைக்குடி மாதிரி வானம் பார்த்த பூமியில் இருந்துகொண்டு வருகிற ஆசையா இது? கப்பற்படையில் வேலை பார்த்த அவருடைய சிநேகிதர் கடிதம் போட்டிருந்தார். மண்டபம் என்ற கடற்கரை ஊருக்கு எதிரே ஆளில்லாத ஒரு தீவு இருக்கிறதாம். முதுகில் காற்று உருளையைக் கட்டி, அங்கே பவளப்பாறை வரைக்கும் இறக்கிக் காட்டுவாராம். பழகிக்கொள்ளட்டும் என்று, கண்ணையும் மூக்கையும் மூடுகிற ரப்பர் முகமூடி ஒன்றையும் பார்சலில் அனுப்பியிருந்தார். அதன் முன்பக்கம் கண்ணாடி.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. காலண்டர் தாளின் முதுகில் தீவை வரைந்தார், படகு நிற்கும் இடத்தைக் குறித்தார், எத்தனை குடம் நல்ல தண்ணீர் வேண்டும் என்று எழுதினார். எனக்கு ஒரே பயம். அதைச் சொல்லத் தெரியாமல் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காளையார்கோவில் பக்கத்தில் இருக்கும் என் அப்பா வீட்டுத் தோட்டக் கிணற்றில் பழகப் போனோம். முகமூடியோடு முங்கி எழுந்தவர், "ஒண்ணுமே தெரியலை" என்றார். எப்படித் தெரியும்? மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது நானா தூணா என்று தெரியாத மனிதர். பையில் கிடந்த அவருடைய பழைய மூக்குக்கண்ணாடியின் காதில் மாட்டும் இரண்டு கம்பிகளையும் ஒடித்துவிட்டு, செம்புக் கம்பியால் முகமூடிக்குள் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். மறுபடி முங்கினார். "கெண்டை மீனு தெரியுது" என்று சொல்லத்தான் முகமூடியைக் கழற்றினார். ஈரக் கை நழுவி, அது கிணற்றுக்குள் போய்விட்டது.

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் கொக்கிக் கொத்தான பாதாளக் கரண்டி பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் இருந்தது. கேட்கப் போனேன்.

"ஈடா ஒரு பாத்திரம் வச்சுட்டு எடுத்துட்டுப் போ. கரண்டி வெளிய போனா, திரும்புற வரைக்கும் உங்க சாமான் ஒண்ணு எங்கிட்ட இருக்கணும்" என்றார் அந்த அக்கா.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. ஒரு செம்பை வைத்துவிட்டுக் கரண்டியை வாங்கி வந்தேன். கயிற்றை விட்டுத் துழாவித் துழாவி, ஒரு வழியாக முகமூடி மேலே வந்தது. கரண்டியைக் கொடுத்துச் செம்பைத் திரும்ப வாங்கியபோதே எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது.

புறப்படும் நாள் காரைக்குடி ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது.

"எல்லாம் எடுத்துக்கிட்டீகளா?"

"எடுத்தாச்சு."

"எனக்கு ஈடு வச்சுட்டுப் போங்க."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஒரு இரும்புக் கரண்டிக்கே ஈடு கேக்குறாக. நீங்க கடலுக்குள்ள போறீக. நான் எதை வச்சுக்கிட்டு இங்குட்டு இருக்கிறது?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தார். "இது இல்லாம நான் எங்குட்டுப் போயிருவேன்? வந்துதானே ஆகணும்" என்றார். பிறகு பெட்டியின் கைப்பிடியைத் தடவிப் பிடித்து ஏறினார். நான் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்க மனம் வரவில்லை. அப்படி ஒரு சுயநலம்.

நான்கு நாளும் அதை முந்தானையில் முடிந்துவைத்திருந்தேன். அடிக்கடி எடுத்துத் துடைப்பேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ரயில் வந்தது. கடைசிப் பெட்டிப் பக்கம் ஒரே சிரிப்புச் சத்தம். வேட்டி சட்டை, தோளில் பை, முகத்தில் நான் பழைய கண்ணாடியைக் கட்டிக் கொடுத்த அந்த ரப்பர் முகமூடியோடு என் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். அவர் எதையும் சட்டை செய்யாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார்.

"இதை மாட்டுனாத்தானே நீ எங்குட்டு நிக்கிறேன்னு தெரியும்" என்றார், மூக்கடைத்த குரலில்.

பவளப்பாறையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று நினைத்துப் போயிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஈட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.