பின்புறக் குப்பையில் உருளைக்கிழங்கு

என் கணவர் கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிவரும் லோரி ஓட்டினார். தாப்பா வழியாக இறங்கி, ஈப்போ பாசாரில் சரக்கைப் போட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வருவார். வெறுங்கையோடு வரமாட்டார். நசுங்கிய தக்காளி, வெளி இலை வாடிய முட்டைகோஸ் என்று விற்காமல் போனது ஏதாவது இருக்கும். எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் அரைச் சாக்கு உருளைக்கிழங்கை இறக்கினார். அவிழ்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அழுகி ஒழுகிக்கொண்டிருந்தது.

"நல்லதாப் பொறுக்கிக்கலாம்னு எடுத்தாந்தேன்லா" என்றார், மூக்கைப் பொத்திக்கொண்டு.

பொறுக்கியதைச் சமைத்தேன். அழுகியதையும் முளைவிட்டதையும் பின்புறம் இருந்த என் குப்பையில் கொட்டினேன்.

அந்தக் குப்பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் அங்கேதான் மரம் சீவினேன். லயத்து வரிசை வீட்டின் பின்னால் எதை நட்டாலும் காய்க்கும். ஆனால் மண் கம்பெனியுடையது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, காய்த்துக்கொண்டிருந்த கத்தரிச் செடிகளை அப்படியே விட்டுவிட்டு ஈப்போவுக்கு வந்தோம். இங்கே கிடைத்த வீட்டின் பின்புறம் ஈயம் எடுத்த பிறகு மிஞ்சிய வெறும் வெள்ளை மணல். கீரை விதைகூட முளைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்கு வந்த கோபத்தில் நான்கு பழைய தகரங்களை நட்டு, நடுவில் காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, காய்ந்த இலை, அடுப்புச் சாம்பல் எல்லாவற்றையும் கொட்ட ஆரம்பித்தேன். ஒரு வருஷத்தில் அடியில் கறுப்பாக, உதிரி உதிரியாக மண் வந்தது. நானே செய்த மண். அதில் கைவிட்டு அளைந்தால் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அழுகல் கிழங்கு அதற்கே உலை வைத்தது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "பூசுக்லா! பூசுக்!" என்று மூக்குக்கு முன்னால் கையை விசிறினாள். நாற்றம் அடிக்கிறது என்று எனக்குத் தெரியாதா? காய்ந்த இலையும் சாம்பலும் போட்டு மூடினேன். நாற்றம் ஒரு வாரத்தில் போயிற்று, பேச்சு போகவில்லை. கணவர் சொல்லிவிட்டார், "தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்கணும். அதுக்குள்ள இந்தக் குப்பைய லோரில அள்ளிட்டுப் போயிருவேன்."

அதற்குள் கிழங்கு முளைத்துச் செடியாகிவிட்டது. நான் விடுவேனா? "ஒரு கிழங்கு காய்ச்சாலும் குப்பை இங்கதான் இருக்கும்" என்றேன்.

"அது குளிருக்கு வர்ற சாமான். ஈப்போ வெயில்ல எங்க வரப்போவுது?" என்று சிரித்தார். ஆனாலும் சம்மதித்தார்.

செடி முழங்கால் உயரம் வந்தது. தண்டு நீள நீள, மக்கிய எருவை அள்ளி அணைத்தேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது இலையெல்லாம் மஞ்சளாகிச் சாய்ந்தது. தண்ணீர் ஊற்றினேன், திட்டியும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத் தெரிந்த கிழங்கு மரவள்ளிதான். அது செடி செழிப்பாக நிற்கும்போதே விளைந்துவிடும். தண்டைப் பிடித்து இழுத்தால் கொத்தாக மேலே வரும். அதே மாதிரி இதையும் இழுத்தேன். தண்டோடு மயிர் மாதிரி வேர்தான் வந்தது. ஆத்திரத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன்.

"வரல. அள்ளிட்டுப் போங்க" என்று கணவரிடம் சொன்னேன். அவரும் மலையில் மூட்டையைப் பார்த்தவரே தவிர, தோண்டி எடுப்பதைப் பார்த்தவர் இல்லை.

மறுநாள் லோரியைப் பின்சந்தில் நிறுத்தி அள்ள ஆரம்பித்தார். சீன அம்மா மேற்பார்வை பார்த்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. உள்ளே போய், கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கத்தரிச் செடிகளை விட்டுவிட்டு வந்த அன்றுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

"உபி! உபி கெந்தாங்!"

சீன அம்மாதான் கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால், மண்வெட்டி வெட்டிய இடத்திலிருந்து அவள் காலடிக்கு ஒரு உருளைக்கிழங்கு உருண்டு வந்திருந்தது. எலுமிச்சை அளவு, மெல்லிய தோல். நான் லோரியில் ஏறி, அள்ளிப் போட்டதையெல்லாம் கையால் கிளறினேன். சின்னதும் பெரியதுமாக மடி நிறையக் கிடைத்தது. பெரியது கோழிமுட்டை அளவு இருக்கும்.

"மலைக் கிழங்கு இதவிடப் பெருசு" என்றார் கணவர்.

"பெருசு சின்னதுன்னு நாம பேசலையே?"

அவர் ஏற்றியதையெல்லாம் திரும்ப இறக்க ஆரம்பித்தார். நான் ஒரு கை கொடுக்கவில்லை. கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு ராணி மாதிரி நின்றேன். கடைசியில் விளக்குமாற்றை எடுத்து லோரித் தட்டை மூலைமூலையாகக் கூட்டி, சேர்ந்த தூசியை ஒரு தகரத்தில் வாரினார்.

"அத ஏன் கூட்டுறீங்க?" என்றேன்.

"உன் மண்ணுலா. ஒரு பிடி குறைஞ்சாலும் என்னையத்தானே கேப்ப?" என்று அதையும் குப்பையில் கொட்டினார்.

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனேன். அடுப்படிக்குப் போன பிறகுதான் கண்ணைத் துடைத்தேன்.