நீலம் தள்ளி விழுந்த துணி

“…மஞ்சளுக்கு மேல நீலம் தள்ளி விழுந்திருக்கு தங்கச்சி. செவப்பு அதுக்கும் அங்கிட்டு போய்க் கெடக்கு. ஒரு கலராவது அது எடத்துல உக்காந்திருக்கா? எங்க மிஷின்ல இப்படி ஓடுச்சுன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாக” என்றார் எங்கள் பிரஸ்ஸின் மிஷின்மேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, லென்ஸைத் துணிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சில் புள்ளி தேடுகிற ஆள், நூலிலும் புள்ளி தேடினார்.

“வேணும்னேதான் தள்ளிவிட்டேன்ணே” என்றாள் துணியை நெய்த என் மதினி.

தப்பு என்னிடமிருந்துதான் ஆரம்பம். நான் சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் பேப்பர் அடுக்குகிறவன். புது ஆர்டர் ஓட்டுவதற்கு முன்னால், கலர் சரியாக விழும்வரை பழைய தாளையே மறுபடி மறுபடி உள்ளே விடுவோம். வெடி லேபிள் சேவல்மேல் காலண்டர் லட்சுமி, லட்சுமிமேல் பிஸ்கட் டப்பா, அதன்மேல் யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. அந்த வேஸ்ட் தாளை அருப்புக்கோட்டையில் அண்ணன் வீட்டு அலமாரியில் விரிக்கக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதினி பாத்திரத்தையெல்லாம் தரையில் இறக்கிவிட்டு, தாளைச் சுவரில் ஒட்டினாள்.

“இதை யாரு கொழுந்தனாரே வரைஞ்சது?”

“யாரும் வரையலை மதினி. அதுவா விழுந்தது.”

“அது நல்லா வரையுதே.”

அதோடு கைத்தறியில் துண்டு நெய்வது நின்றது. மிச்சம் மீதி நூலையெல்லாம் பொறுக்கி, குறுக்கே ஓடுகிற ஊடைக்குப் போட்டாள். சேவல் கிடையாது, கொண்டைச் சிவப்பு மட்டும். லட்சுமி கிடையாது, புடவைப் பச்சை மட்டும். கரை இல்லை, முந்தி இல்லை. தறிக்குள் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறாள் என்று அண்ணன் எனக்குப் போன் போட்டார்.

நெய்து முடித்ததும் அண்ணன் மதினியிடம் சொல்லிவிட்டார்: “தெருவுல கட்டு. பொழுது சாயுறதுக்குள்ள ஒரே ஒரு ஆள் எனக்கு வேணும்னு சொல்லட்டும், இப்படியே நெய்யி. இல்லைன்னா நாளைக்குத் தறில வெள்ளைத் துண்டுதான்.”

துணியைத் தெருவில் கட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மட்டன் குழம்பைக் காட்டி நான் மிஷின்மேனைக் கூட்டி வந்திருந்தேன். தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற கம்புகளுக்கு நடுவில் துணி கொடிபோல ஆடிக்கொண்டிருந்தது. “ஏன் மதினி, நூலு தீந்துபோச்சா?” என்றாள் ஒருத்தி. “ராட்டினம் சுத்தி எறங்குனாப்ல இருக்கு” என்றாள் இன்னொருத்தி. சொல்லிவிட்டு மறுபடி பார்த்தாள். செல்போனில் படம் எடுத்தவர்கள் உண்டு. வேணும் என்று கேட்டவர் இல்லை.

வெயில் சாய்ந்துவிட்டது. மிஷின்மேன் மட்டும் அசையவில்லை. கிட்டே போனார், தூரப் போனார், பின்பக்கமாகவே நடந்து தண்ணீர்க் குடத்தில் இடித்து நின்றார். குழம்பு ஆறுகிறது என்றேன், காதில் விழவில்லை.

“தப்பு எங்கங்கன இருக்குன்னு குறிச்சாச்சாண்ணே?” என்றாள் மதினி. சிரிப்பு இருந்தது, குரல் மட்டும் இறங்கியிருந்தது.

“இன்னும் முடியலை. காலைல நல்ல வெயில்ல, என் வீட்டு வாசல்ல வச்சுப் பாக்கணும்.”

“திருப்பிக் கொண்டாந்துருவீகள்ல?” என்றார் அண்ணன்.

மிஷின்மேன் முடிச்சை அவிழ்த்தார். ஒரு முனையை அண்ணன் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, பட்டுப்புடவை மடிப்பதுபோல மடித்தார். தன் பைக்கின் பெட்ரோல் டாங்க்மேல் வைத்து, தொடையால் அணைத்துக்கொண்டு, பின்னால் ஏறவேண்டிய என்னைத் தெருவிலேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.