தாலி கட்டியும் தகப்பனாகாத கதை

பிள்ளைகளே, உங்களுக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன். அவள் ஏன் நம்மோடு வளரவில்லை என்பதை மட்டும் சொன்னதில்லை.

அவளைப் பெற்றவள் என் முதல் மனைவி. கரங்கான் பக்கத்து ரப்பர் எஸ்டேட் கோயிலில் எங்கள் கல்யாணம் நடந்தது. கல்யாணத்தை அரசாங்க ஆபீசில் பதிய வேண்டும் என்ற சட்டம் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அங்கேயும் போய் வரலாமா என்று கேட்டேன். அவளுடைய அண்ணன் சிரித்துவிட்டார்.

"ரெஜிஸ்டர் கல்யாணமா? ஓடிப்போறவங்கதான் மாப்ள அங்க போவாங்க. எங்க வீட்டுப் பொண்ணு என்ன ஓடியா வருது? மானம் போயிரும்!"

எஸ்டேட்டில் எல்லோருக்கும் அதே எண்ணம்தான். பேச்சு அதோடு முடிந்தது.

பிள்ளைக்கு இரண்டு வயதானபோது என் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். கருமாதி முடிந்த கையோடு மச்சான் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

"நீ இருட்டோட பால்வெட்டப் போயிருவ. பிள்ளைய யாரு பாப்பா? கொஞ்ச நாள் செர்டாங்ல எங்ககூட இருக்கட்டும்."

அவருக்குப் பிள்ளை கிடையாது. கொஞ்ச நாள் வருஷமாயிற்று. போய்க் கேட்டால் சோறு போடுவார், பிள்ளையைத் தரமாட்டார்.

ஏழைகளுக்காக வழக்காடும் அரசாங்க ஆபீஸ் ஒன்று அலோர்ஸ்டாரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் மாறி மாறிப் போனேன். வக்கீல் ஒரு தமிழ்ப் பெண். முதலில் கல்யாணத்தைப் பதிந்ததற்கான சிஜிலைக் கேட்டார்.

"கோயில்ல தாலி கட்டுனேம்மா. எஸ்டேட்டே பாத்துச்சு."

"எஸ்டேட்டு பாத்தா கோர்ட்டுக்குப் பத்தாது லா அண்ணே. சட்டப்படி நீங்க புருஷனே இல்ல. பிள்ளையோட பிறந்த சூராட் பத்திரத்துலயும் உங்க பேரு இல்ல."

"அப்ப அது யாரு பிள்ளைம்மா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்க பிள்ளைதான்னு எனக்குத் தெரியுது. உங்க மச்சான் வந்து கல்யாணம் நடந்துச்சுன்னு சொல்லிட்டா கேஸ் நிக்கும்."

மச்சான் கோர்ட்டுக்கு வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். மானம் மானம் என்று பேசிய அதே வாயால், செத்துப்போன தங்கையைப் பற்றி நீதிபதியிடம் சொன்னார்: "அவளுக்குக் கல்யாணமே ஆகல துவான்."

பிள்ளை பழகிய வீட்டிலேயே இருக்கட்டும் என்று தீர்ப்பானது. மாதம் ஒரு முறை நான் போய்ப் பார்க்கலாம். மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் வக்கீல். அங்கேயும் மச்சானைத்தானே கூப்பிடுவார்கள்?

பிற்பாடு உங்கள் அம்மாவை, கல்யாணத்தை ஆபீசில் பதிந்த பிறகுதான் கோயிலுக்கு அழைத்துப் போனேன். சொந்தக்காரர்கள் ஏளனம் செய்தார்கள். செய்யட்டும். நீங்களும் யார் சிரித்தாலும் முதலில் பதிந்துவிடுங்கள்.

தீர்ப்புக்கு அடுத்த மாதம் செர்டாங் போனேன். உங்கள் அக்கா வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் உள்ளே ஓடினாள்.

"அப்பா, மாமா வந்திருக்காரு!"

மச்சான் வெளியே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன்.