சீத்தைத் துணிக்குள் கடல்

மலைநாட்டுப் பதுளைக் கடைத்தெருவில் புடைவைக்கடை இப்றாஹீம் முதலாளியின் மனைவி ஸைனபை முகத்துக்கு நேரே யாரும் ‘சர்க்கஸ் ஸைனப்’ என்று சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை. அந்தப் பெயர் வந்த கதை இது.

அவள் பிறந்ததும் பதுளை, வாழ்க்கைப்பட்டதும் பதுளை. கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் பிள்ளைகளைப் பெற்று, இளையவள் றமீலா தவிர எல்லோரையும் கட்டிக்கொடுத்தாள். நகை கேட்டாள், கிடைத்தது. தையல் மெஷின் கேட்டாள், அதுவும் வந்தது. கடலில் ஒரு தடவை இறங்க வேண்டும் என்று கேட்டதற்கு மட்டும், கலியாணமான நாள் முதல் “பாப்பம்” என்பதுதான் பதில். இப்றாஹீம் கெட்ட மனுஷர் அல்ல. பெண்டுகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் நாலு பேர் பார்ப்பார்கள், பார்த்தால் நாற்பது பேர் பேசுவார்கள் என்ற பயம். மற்றப்படி தங்கமானவர்.

அறுபத்தெட்டாம் ஆண்டு, பள்ளி விடுமுறைக்கு, றமீலா சோறு தண்ணி இல்லாமல் கிடந்து பிடித்த அடத்தில் மனம் இளகிப் பொத்துவிலில் கடலோர வாடிவீடு ஒன்றில் அறை எடுத்தார். வேன் ஜன்னலுக்கெல்லாம் திரை கட்டினார். வழியில் லகுகலைக் குளத்தில் யானைக் கூட்டம் மேய்ந்துகொண்டு நின்றது. “பாத்துக்கோ” என்று அவரே திரையை நாலு விரல் தூக்கிப் பிடித்தார். ஸைனபுக்கு ஒரு யானையின் பின்புறம் தெரிந்தது.

“வாலு நல்லா ஈக்கி” என்றாள்.

பொத்துவிலுக்குள் நுழையும்போது ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று எதிரே வந்தது. இன்று முதல் கடற்கரையில் சர்க்கஸ், கரடி சைக்கிள் ஓட்டும், கம்பியில் பெண் நடப்பாள் என்று கத்திக்கொண்டே போனது. இப்றாஹீம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது.

வேனின் பின்னால் கடையிலிருந்து ஏற்றிவந்த சீத்தைத் துணிக்கட்டுகள் இருந்தன. சிவப்பிலும் மஞ்சளிலும் பெரிய பெரிய பூக்கள் போட்ட, பெருநாளைக்கு விற்று மிஞ்சிய துணி. அவரும் வேனோட்டி மொஹிதீனுமாக அலை வந்து திரும்பும் இடத்தில் மூங்கில்களை நட்டுச் சுற்றிவர அதைக் கட்டினார்கள். கடல் பக்கம் திறந்தே கிடக்கட்டும் என்றான் மொஹிதீன். “தோணிக்காரன் பாப்பானே” என்று அந்தப் பக்கத்தையும் அடைத்தார் முதலாளி.

“இப்ப எறங்குங்க. ஒரு ஈ காக்கா பாக்காது.”

உள்ளே மேலே வானம், சுற்றிவரப் பூப்போட்ட சீத்தை. அலையின் நுனி துணிக்கு அடியால் வந்து பாதத்தை நனைத்துவிட்டுப் போனது. றமீலா குதித்துச் சிரித்தாள். ஸைனபுக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் காத்திருந்து, கடைசியில் புருஷனின் கடைக்குள்ளேயே வந்து நிற்பதுபோல் இருந்தது.

வெளியே கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வர்ணத் துணி, மூங்கில், உள்ளே சிரிப்புச் சத்தம். சர்க்கஸ் பார்க்க வந்த சனம் நேராக அங்கே வந்து நின்றது.

“நானா, டிக்கட் எங்க குடுக்கிற?” என்று ஒருவன் இப்றாஹீமை அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

“இது சர்க்கஸ் இல்ல. போங்க.”

“கரடி உள்ளுக்கா இரிக்கி?”

“கரடியும் இல்ல, குரங்கும் இல்ல. குடும்பம் ஈக்கி.”

குடும்பமே சேர்ந்து வித்தை காட்டுகிறதாம் என்று பின்னால் ஒரு பேச்சுப் பரவியது. சனம் இன்னும் கூடியது. கிழவர் ஒருவர் குனிந்து துணிக்கு அடியால் பார்க்கப் போனார். இப்றாஹீம் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நாலு பக்கமும் ஓடினார். ஒரு தோணிக்காரனுக்குப் பயந்தவர் முன்னால் இப்போது பாதி ஊர் நின்றது.

“வெளிய வந்துடாத, ஸைனப்.”

ஸைனப் முக்காட்டை இழுத்துவிட்டு, மூங்கிலில் கட்டியிருந்த துணியின் முடிச்சைத் தானே அவிழ்த்தாள். துணி சரிந்து விழுந்தது.

“பாத்துக்கோங்க. நாங்க பதுளையால வந்த ஆக்கள். கடல் பாக்க வந்த.”

சனம் பார்த்தது. சேலைக் கரை நனைந்த நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, பக்கத்தில் ஒரு பிள்ளை. “ஒன்டுமில்லியே” என்றார் கிழவர், பெரிய ஏமாற்றத்தோடு. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் உண்மையான கூடாரத்தைத் தேடிப் போய்விட்டார்கள்.

ஆயுள் முழுக்க இப்றாஹீம் பயந்தது நடந்தேவிட்டது. நடந்து, ஒன்றும் ஆகவில்லை.

ஸைனப் கடல் பக்கத்துத் துணியையும் அவிழ்த்தாள். முழங்கால் நனையும் மட்டும் போனாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“போதும், வா” என்றார் அவர், காய்ந்த மணலில் நின்றபடி.

“ஒருத்தரும் பாக்கல்ல. நீங்களும் எறங்குங்களேன்.”

அவர் நாலு பக்கமும் பார்த்தார். சாரத்தைத் தூக்கிப் பிடித்து ஓர் அடி வைத்தார். அலை வந்ததும் பின்வாங்கினார். அப்போதுதான் ஸைனபுக்கு விளங்கியது. சரக்கெடுக்க மாதம் தவறாமல் கொழும்புக்குப் போய்வரும் இந்த மனுஷரும் இன்றுவரை கடலில் கால் வைத்ததில்லை. அவள் கையை நீட்டினாள். பட்டப்பகலில், திறந்த கடற்கரையில், இப்றாஹீம் முதலாளி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்கினார்.

மொஹிதீன் பதுளைக்கு வந்து சர்க்கஸ் கதையைக் கடைத்தெரு முழுக்கச் சொன்னான். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.