அப்பாவின் கம்பளிச் சாரம்

ஸ்ட்ரெதமில் நாங்கள் மேல்மாடியில் குடியிருந்தோம். கீழே ஸ்கொட்லாந்துக் கிழவர் ஒருவர், தனி ஆள். சுவர் எப்போதும் ஈரம். வெயில் பக்கத்துத் தெருவோடு நின்றுவிடும்.

அப்பாவுக்கு லண்டனில் இருந்த ஒரே ஆறுதல் சாரம். பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடிந்து வந்து, காற்சட்டையைக் கழற்றி, இடுப்பைச் சுற்றிச் சாரம் கட்டினால்தான் அவருக்கு மூச்சு வரும். ஆனால் பருத்திச் சாரம் அந்தக் குளிருக்கு எந்த மூலைக்கு? ஒரு மாரியில், பழைய துணிக் கடையொன்றில், சிவப்பும் பச்சையுமாய்க் கட்டம் போட்ட கம்பளித் துணி அவர் கண்ணில் பட்டது. அம்மா அதை மூட்டிக் கொடுத்தாள். கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். அவர் நெஞ்சு நிமிர்த்தி நின்றதை நான் அன்றுதான் கண்டேன்.

ஞாயிறு காலை அதை மடித்துக் கட்டியபடியே குப்பை வைக்க இறங்கினார். நானும் பின்னால் போனேன். வாசலில் நின்ற கிழவர் துணியைப் பார்த்துச் சிரித்தபடி ஏதோ கேட்டார். அப்பாவின் இங்கிலிஷ் பெற்றோல் விலையைத் தாண்டாது. மொழிபெயர்ப்பு என் உத்தியோகம். எட்டு வயதில் அந்த உத்தியோகத்தால் எனக்குத் தலைக்கனமும் இருந்தது. அந்தக் கட்டம் ஸ்கொட்லாந்தில் ஒரு குலத்துக்கு உரியது, நீங்கள் அந்தக் குலமா, அணிய உரிமை உண்டா என்பதுதான் கேள்வி. பகிடியாகத்தான் கேட்டார். குலம் என்ற தமிழ்ச் சொல் அப்போது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வரும் மாமிமார் புது ஆட்களிடம், நீங்கள் யாருடைய ஆட்கள் என்று கேட்பது நினைவுக்கு வந்தது.

“அப்பா, நீங்கள் ஆற்றை ஆக்களெண்டு கேக்கிறார். இதைக் கட்ட உங்களுக்கு உரிமை இருக்கோ எண்டும் கேக்கிறார்.”

அப்பாவின் முகம் செத்துப்போனது. மடித்துக் கட்டியிருந்த சாரத்தைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார்.

“இவருக்கு ஆர் சொன்னது?” என்று மெல்லக் கேட்டார்.

பதிலுக்கு நிற்காமல் மேலே போய்விட்டார். கிழவர் திகைத்து நின்றார்.

மறுகிழமை கிழவரே படியேறி வந்தார், கையில் வேறொரு கட்டத் துணியோடு. இது எந்தக் குலத்துக்கும் சொந்தமில்லை, யாரும் அணியலாம் என்றார். நல்ல மனிதர். நான் அதையும் சொன்னேன்.

“இது ஒரு ஆக்களும் இல்லாத ஆக்களுக்காம், அப்பா. இதைக் கட்டினால் ஒருத்தரும் கேக்கமாட்டினமாம்.”

அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இரண்டு துணியும் அலுமாரிக்குள் போயின. அந்த மாரி முழுவதும் பருத்திச் சாரத்தோடு நடுங்கிக்கொண்டிருந்தார். கட்டச் சொல்லி நான் நச்சரித்தேன். அவர் அலுமாரியைத் திறக்கவேயில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அப்பாவின் செத்தவீட்டன்றுதான் அம்மா சொன்னாள். ஊரில் கோயில் தேரன்று, சால்வையைத் தோளில் போட்டதற்காக அப்பாவின் தகப்பனை அடித்து, அதை உருவி எடுத்தார்களாம். சிறுவனாயிருந்த அப்பா பக்கத்திலேயே நின்றாராம். அடிப்பதற்கு முன் அவர்கள் கேட்டதும் மாமிமார் கேட்கும் அதே கேள்விதான். சாதியை நேரே கேட்காமல் அறிந்துகொள்ளும் வழி அது.

அன்று வாசலில் எனக்கு இதொன்றும் தெரியாது. கிழவர் கேட்டதை ஒரு சொல்லும் தவறாமல் தமிழில் சொல்லிவிட்டேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றேன்.