தூண்டிலுக்கு அளவு கொடுத்த கதை

1987 மே மாதம், ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு பிரிட்ஜ்வாட்டரை விட்டுக் கிளம்பினோம். என் தங்கை ஸ்டெல்லாவின் கணவர் பிரான்சிஸ் கார் ஓட்டினார். பக்கத்து சீட்டில், மெட்ராஸிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வந்திருந்த நான், ஒற்றன் என்ற பதவியில்.

பதவி நியமனம் முந்தின நாள் சமையலறையில் நடந்தது. "அவருக்கு ஸ்விம்மிங் தெரியாது அண்ணா. ஒரே ஆள் உக்கார்ற போட்ல தனியா போய் மீன் பிடிக்கணுமாம். அதுக்கு ஸ்பெஷலா ஃபிஷிங் ராட் வேற ஆர்டர் பண்ணப் போறார். நீங்க கூடப் போய் எப்படியாவது ஸ்டாப் பண்ணுங்க" என்றாள் ஸ்டெல்லா. கயாக் என்னும் அந்த பிளாஸ்டிக் ஓடம் ஒரு வருடமாக கராஜில் கிடந்தது. அதில் அவள் அரிசி மூட்டை வைத்திருந்தாள். அதுவரை ஆபத்தில்லை.

பிரான்சிஸ் வேலூர்க்காரர். பாலாற்றங்கரையில் வளர்ந்தவர் என்றால், பாலாற்றைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம். ஆற்றில் நடப்பார், சைக்கிள் ஓட்டுவார். நீந்த வேண்டிய சந்தர்ப்பம் வந்ததில்லை.

ஐம்பத்தைந்து மைல். வழியில் இரண்டு இடங்களில் சுங்கம், தலா கால் டாலர். காரை நிறுத்தியும் நிறுத்தாமலும் நாணயத்தை ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் வீச வேண்டும். இரண்டாவது இடத்தில் பிரான்சிஸ் வீசியது கூடைக்கு வெளியே விழுந்தது. கடலில் தூண்டில் வீசப் போகிறவரின் குறி இது என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

எட்டரை மணிக்கு பாயின்ட் பிளசன்ட் என்ற கடலோர ஊர். கடை என்றால் கடையில்லை, ஒரு வீட்டின் பின்னால் மரக் கொட்டகை. அதற்கும் பின்னால் உப்பங்கழி, சின்னப் படகுத்துறை. தூண்டில் கம்பு செய்கிற ஹாங்க் அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். கயாக்கிலிருந்து ஸ்ட்ரைப்ட் பாஸா என்று இரண்டு முறை கேட்டார். உடம்பில் வரிசையாகக் கறுப்புக் கோடு போட்ட மீன் அது. பெரியது மாட்டினால் மூன்று வயதுப் பிள்ளையின் கனமும் ஒரு எருமையின் பிடிவாதமும் இருக்குமாம். அவரிடம் வருகிறவர்கள் கரையிலிருந்தோ மோட்டார் படகிலிருந்தோ பிடிப்பவர்கள்தானாம்.

விலை நூற்று நாற்பத்தைந்து டாலர். ரூபாயாக்க, பதின்மூன்றால் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டேன். ஒரு கம்புக்கு!

பிறகுதான் அளவெடுப்பு. கொட்டகைத் தரையில் ஒரு பழைய கயாக்கைப் போட்டு, பிரான்சிஸுக்கு மிதவைச் சட்டை மாட்டி, கால் நீட்டி உட்கார வைத்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தார். பிடி நீளமாக இருந்தால் மிதவைச் சட்டையில் இடிக்கும். கம்பு ஏழடி வேண்டும், ஏனென்றால் மீன் ஓடத்தின் மூக்கைச் சுற்றி அந்தப் பக்கம் பாய்ந்தால் கம்பின் நுனியும் மூக்கைத் தாண்டிக்கொண்டு போகவேண்டும். மெட்ராஸில் என் தையல்காரர் இருபது வருடத்தில் என் இடுப்பை இத்தனை அக்கறையோடு அளந்ததில்லை.

மாதிரிக்கு ஒரு கம்பைப் பிரான்சிஸிடம் கொடுத்தார். தூண்டில் நரம்பின் மறுமுனையை என் கையில் கொடுத்து, ஓடு என்றார். யாராவது மீனாக இருக்க வேண்டுமல்லவா. இந்த வியாபாரத்தைத் தடுக்க அனுப்பப்பட்ட நான், நாற்பத்தெட்டு வயதில், பேன்ட் சட்டையோடு கயாக்கை மூன்று முறை சுற்றி ஓடினேன். கொஞ்சம் திமிறிக்கூடக் காட்டினேன். நல்ல மீன் என்றார் ஹாங்க். வெட்கமில்லாமல் மகிழ்ந்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஹாங்க் கொட்டகையின் பின்கதவைத் திறந்தார். கயாக்கில் தனியாகப் போகிறவர் கவிழ்ந்தால் தானே ஏறியாக வேண்டும். தன் கண் எதிரில் தொடர்ந்து மூன்று முறை ஏறிக் காட்டினால்தான் கம்பைக் கொடுப்பாராம். சில வருடங்களுக்கு முன் அவர் செய்த கம்பு ஒன்று கரை ஒதுங்கியதாம். வாங்கியவர் ஒதுங்கவில்லை.

பிறகு என்னைப் பார்த்து, இவருக்கு நீச்சல் தெரியுமா என்றார். பிரான்சிஸும் என்னைப் பார்த்தார். ஒற்றன் வாயைத் திறக்க வேண்டிய இடம் இதுதான். தெரியாது என்றேன்.

பிரான்சிஸ் மிதவைச் சட்டையின் பட்டையை இறுக்கினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கயாக்கில் ஏறி, துறையிலிருந்து பத்தடி துடுப்புப் போட்டு, வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்தார். ஓடம் கவிழ்ந்தது. நான் மாதாவைக் கூப்பிட்டேன். நீர் மட்டத்துக்கு மேல் முதலில் ஒரு கை வந்தது, பிறகு வழுக்கை. கவிழ்ந்த ஓடத்தைப் புரட்டினார், காலை உதைத்து வயிற்றை அதன்மேல் போட்டார், உருண்டு உட்கார்ந்தார். சத்தியமாக உட்கார்ந்தார். என் தங்கையை நான் கட்டிக்கொடுத்த மனிதர்தானா என்று கையிலிருந்த மூக்குக்கண்ணாடியை ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது முறை ஏற முடியவில்லை. ஓடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். ஹாங்க் நீளக் கழியை நீட்டி இழுத்துப் போட்டு, ஒன்று என்று கணக்குச் சொன்னார். கம்பைச் செய்து வைக்கிறேன், மூன்று ஆனதும் எடுத்துக்கொள் என்றார். முன்பணம் நாற்பது டாலர்.

துண்டைப் போர்த்திக்கொண்டு பல் தந்தியடிக்க பிரான்சிஸ் சொன்னார்: "ஜனவரில இருந்து கிளாஸ் போறேன் மச்சான். ஸ்கூல் பூல்ல, செவ்வாய், வியாழன். ஸ்டெல்லாகிட்ட ஓவர்டைம்னு சொல்லிட்டு. மத்ததெல்லாம் ஆறு வயசுப் பசங்க. ஷேவ் பண்ணிட்டு வர்றவன் நான் ஒருத்தன்தான்."

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"முழுசா கத்துக்கிட்டுச் சொல்லலாம்னு பார்த்தேன். பாதி கத்துக்கிட்டவனை நினைச்சாத்தான் ரொம்பப் பயப்படுவா."

மதியம் ஒரு மணிக்கு வீட்டில் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஸ்டெல்லா கரண்டியைக் கீழே வைத்தாள். ஓவர்டைமுக்காக அவள் ஐந்து மாதம் கட்டிக்கொடுத்த தயிர்சாதம் அவள் மனதில் ஓடியிருக்க வேண்டும். வெடிக்கும் என்று காத்திருந்தேன்.

"எத்தனை தடவை ஏறினீங்க?"

"ஒண்ணு."

"அவர் எத்தனை கேட்டார்?"

"மூணு."

"உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து அவருக்குத்தான் அறிவிருக்கு" என்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமை கார் சாவியை அவளே எடுத்து, அவரை ஏற்றிக்கொண்டு நீச்சல்குளத்துக்குக் கிளம்பினாள்.

நான்கு வாரம் கழித்து நான் ஊர் திரும்பிய நாளும் சனிக்கிழமை. கம்பு தயாராகி, பிரான்சிஸ் பெயரைத் தாங்கிக்கொண்டு ஹாங்கின் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின வாரம்வரை கணக்கு இரண்டில் நின்றது. அன்று பகல் உப்பங்கழியில் நீர் ஏற்றம் சரியாக இருக்கும் என்று என்னை ஏர்போர்ட் வேனில் ஏற்றிவிட்டு இருவரும் பாயின்ட் பிளசன்ட் போய்விட்டார்கள். நான் அரக்கோணத்துக்குப் புறப்பட்டாலே சென்ட்ரலில் ஆறு பேர் கையாட்டுவார்கள். எட்டாயிரத்துச் சொச்சம் மைல் போகிறவனுக்கு இங்கே ஒருவரும் இல்லை. நம் ஊரில் பொருள் கை மாறினால் கடைக்காரர் அடுத்த ஆளைப் பார்ப்பார். இங்கே ஒருவர் செய்து முடித்த சரக்கைச் சுவரில் மாட்டிவிட்டுக் கொடுக்கமாட்டேன் என்கிறார், என் தங்கை அவர் கட்சியில் சேர்ந்துவிட்டாள். கோபித்துக்கொள்ளத்தான் நினைத்தேன், முடியவில்லை.

மாலை ஐந்தேகாலுக்கு விமான நிலையத்திலிருந்து ஹாங்க் கடைக்கு போன் செய்தேன். மூன்று ஆயிற்றா என்றேன்.

ஆயிற்று, தொடர்ந்து மூன்று, நானே பார்த்தேன் என்றார் ஹாங்க். ஆனால் உன் தங்கை நாலாவது கேட்கிறாள், உன் மச்சான் மறுபடி தண்ணீரில் இருக்கிறான், நான் இப்போது என்ன செய்யட்டும் என்றார்.

அவள் சொல்லும்வரை கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறப் போனேன்.